எண்ணூர் ஆற்றில் 'காக்கா ஆழி' அட்டகாசம்! இறாலை விரட்டிய வெளிநாட்டுச் சிப்பி

எண்ணூர் ஆற்றுக்குள் ஒரு வெளிநாட்டு ஆசாமி புகுந்துவிட்டான். பாஸ்போர்ட் கிடையாது. விசா கிடையாது. ஆற்றின் அடித்தரையையே வளைத்துப் போட்டுக்கொண்டு வெளியேற மறுக்கிறான்.

ஆள் வேறு யாருமில்லை. ஒரு சிப்பி! கட்டை விரல் நீளம்தான் இருக்கும். கறுப்பு நிறம். அதனால் எண்ணூர் மீனவர்கள் அதற்கு "காக்கா ஆழி" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். விஞ்ஞானிகள் வைத்த பெயர் "மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா". வாயில் நுழையவில்லையா? காக்கா ஆழி என்றே வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் தென் அமெரிக்கா பக்கம்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போகிறவர்கள் எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றை ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். இந்த ஆற்றிலும் கழிமுகத்திலும் வலையும் இல்லாமல், படகும் இல்லாமல் இறால் பிடிக்கிறவர்கள் உண்டு. பெண்களே அதிகம். தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் துழாவிக்கொண்டே போவார்கள். வாயில் ஒரு ஓலைப் பறியைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டால் லபக்கென்று பிடித்துப் பறிக்குள் போட வேண்டியதுதான். அன்றைக்குப் பிடித்தால் அன்றைக்கு அடுப்பு எரியும்.

அந்த அடுப்பில்தான் காக்கா ஆழி கை வைத்தது.

சேற்றின் மேல் கம்பளம்

இறாலுக்கு மெத்தென்ற சேறு வேண்டும். பகலில் அதற்குள் புதைந்து கிடக்கும். இரவில் வெளியே வந்து இரை தேடும். காக்கா ஆழியோ அந்தச் சேற்றின் மேல் வந்து உட்காருகிறது. தன் உடம்பிலிருந்து பட்டு நூல் போல ஒரு நாரை விட்டு, பக்கத்துச் சிப்பியோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. அது அடுத்ததோடு கட்டிக்கொள்ளும். இப்படியே ஆயிரம், பத்தாயிரம், லட்சம். ஆற்றின் அடியில் கெட்டியாக ஒரு கம்பளம் விரித்தது போல ஆகிவிடுகிறது.

கேரளாவில் கொல்லம் அருகே உள்ள அஷ்டமுடிக் காயலில் ஒரு சதுர மீட்டரில் 10 ஆயிரத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அளவு இடம். அதில் 10 ஆயிரம்!

கம்பளம் விரிந்த இடத்தில் இறால் எங்கே புதையும்? மஞ்ச மட்டி எங்கே மூச்சு விடும்? சேற்றுக்குள் வாழும் மட்டி அப்படியே மூடப்பட்டுப் போகிறது. பச்சை ஆழி ஒட்டிக்கொள்ளும் இடத்தையும் இது பிடித்துக்கொள்கிறது. இறால் தேடிக் கையை விட்டால் இறால் வராது. சிப்பி ஓட்டின் விளிம்பு பட்டுக் கை கிழிந்ததுதான் மிச்சம்.

சாகவே சாகாதா?

கொசஸ்தலை ஆறு சாதாரண ஆறு அல்ல. ஐப்பசி மழையில் நன்னீராக ஓடும். சித்திரை வெயிலில் கரிக்கும். இந்த ஏற்ற இறக்கம் தாங்காமல் பல உயிர்கள் இடம் மாறிப் போய்விடும். காக்கா ஆழிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும். இந்தச் சிப்பியை மெதுவாகப் பழக்கியபோது 2 கிராம் உப்பிலும் உயிரோடு இருந்தது, 40 கிராம் உப்பிலும் உயிரோடு இருந்தது. அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்த சோதனை இது.

அதைவிட அதிசயம் ஒன்று உண்டு. இரை கொடுக்காமல் பட்டினி போட்டார்கள். செத்ததா? இல்லை. பெண் சிப்பிகள் ஆணாக மாறின! முட்டை உண்டாக்க நிறையத் தீனி வேண்டும். ஆணாக இருந்தால் செலவு குறைவு. பஞ்ச காலத்தில் சிக்கனம். நல்ல காலம் வரும்வரை வம்சத்தைக் காப்பாற்ற என்ன குறுக்கு வழி பாருங்கள்!

ஒரே பலவீனம், குளிர். 1986-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகர மின் நிலையத்தின் தண்ணீர்க் குழாயை இந்தச் சிப்பி அடைத்துக்கொண்டது. 1987-ல் காணாமல் போனது. குளிர்தான் கொன்றது என்று நினைத்தார்கள். 2004-ல் அதே மாநிலத்தில் வேறொரு இடத்தில் மறுபடி ஆஜர். நம்ம ஊரில் மார்கழிக்கு நாம்தான் மப்ளர் கட்டுகிறோம். ஆற்றுத் தண்ணீருக்குக் குளிர் ஏது?

கப்பலில் ஓசிப் பயணம்

தென் அமெரிக்கா எங்கே, எண்ணூர் எங்கே? சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் போக, அடிவயிற்றில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் ஊர் வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் அதில் ஓசியில் பயணம் செய்கின்றன. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். கொட்டும் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டது. அமலுக்கு வந்ததோ 2017-ல்! அதற்குள் சிப்பி சும்மா இருக்குமா? 2014-ல் பிலிப்பைன்ஸ், 2016-ல் சிங்கப்பூர் என்று கிளை திறந்தது. 2019-ல் கேரளாவில் இருப்பது ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. கொல்லத்துக்காரர்கள் "வரத்தன் கக்கா" என்கிறார்கள். வந்தேறிச் சிப்பி என்று அர்த்தம்.

நாம் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. நம் கடல்களின் பச்சை ஆழி இதே போலக் கப்பலேறி, 1990-ல் டிரினிடாட் தீவில் தலைகாட்டி, 1999-ல் புளோரிடாவின் டாம்பா துறைமுகப் பக்கம் மின் நிலையக் குழாயை அடைத்திருக்கிறது. கணக்கு சரியாய்ப் போச்சு!

அங்கே விருந்து, இங்கே விஷமா?

பிரேசில் நாட்டில் மசேயோ என்று ஒரு கடலோர நகரம். அங்கே முண்டாவு என்ற காயலில் இந்தச் சிப்பியின் பெயர் "சுருரு". அதைத் தேங்காய்ப் பாலில் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். ஏழை வீட்டுச் சாப்பாடு. ஹோட்டலிலும் கிராக்கி. காயலில் ஆண்கள் சிப்பி எடுக்க, பெண்கள் அவித்துச் சதையைப் பிரிக்கிறார்கள். 2014-ல் மாநிலத்தின் பண்பாட்டுச் சொத்து என்றே அதை அறிவித்தார்கள். மிச்சமாகும் ஓட்டை அரைத்துக் கட்டடங்களுக்குத் துளைக்கல் செய்யும் தொழிலும் வந்துவிட்டது.

அப்படியானால் எண்ணூர்ச் சிப்பியையும் குழம்பு வைக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக்கல். சிப்பி என்பது ஒரு வடிகட்டி. நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி, அதில் இருப்பதைத் தின்று வாழ்கிறது. நல்ல தண்ணீர் என்றால் நல்ல சதை. கொசஸ்தலை ஆற்றிலோ அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கலந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தண்ணீரில் இருந்தால் சிப்பியின் சதையில் சேரும். சோதித்துப் பார்க்காமல் சட்டியில் போடுவது வம்பு. கோழித் தீவனம் ஆக்கினாலும் அது முட்டை வழியாக நம் தட்டுக்கே திரும்பலாம்.

ஓடு வேறு விஷயம். ஓடு பெரும்பாலும் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம் கடற்கரைக்குப் புதிய தொழிலா என்ன? சோதனையில் தேறினால் கட்டட வேலைக்கு உதவும். ஆனால் லாபம் வருகிறது என்று யாரும் இதை வளர்க்க ஆரம்பித்துவிடக் கூடாது. ஒரு பொருளுக்கு விலை வந்துவிட்டால், அது ஒழிய வேண்டும் என்று வியாபாரி நினைப்பானா?

வடக்கே பழவேற்காடு

2024-ல் இந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு வந்தது. அரசுத் துறைகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஆற்றங்கரைக் குப்பங்களில் இது அதற்கு முன்பே தெரிந்த சேதிதான். கையில் கீறல் பட்டவர்களுக்குக் கோர்ட்டா சொல்ல வேண்டும்?

எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் வடக்கே பழவேற்காடு ஏரி வரை போகின்றன. குஞ்சுச் சிப்பி சில வாரம் தண்ணீரில் மிதந்து திரியும். ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்ந்ததுமே இனப்பெருக்கத்துக்குத் தயார். பழவேற்காட்டில் "பாடு" என்று முறை வைத்து, இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவது என்று பிரித்துக்கொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. பாடு பார்த்துப் பிரித்த இடத்தில் சிப்பிக் கம்பளம் விரிந்துவிட்டால், முறை வந்தும் வலையில் விழ இறால் இருக்காது.

அள்ளுவது ஒன்றுதான் வழி. அதிலும் கவனம் வேண்டும். ஆற்றுக்குள்ளேயே நசுக்கிவிட்டுப் போனால் தப்பிய சிப்பிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அள்ளியதைக் கரையில் குவித்தால் அடுத்த மழை வெள்ளம் மொத்தத்தையும் திரும்ப ஆற்றிலேயே சேர்த்துவிடும். லாரியில் ஏற்றித் தூரக் கொண்டுபோய் நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். குஞ்சுகள் வந்துகொண்டே இருப்பதால் ஒரு தடவை அள்ளினால் தீராது, வருஷா வருஷம் அள்ள வேண்டும். அந்த வேலைக்குக் கூலி உண்டு. ஆற்றின் அடித்தரையைக் கை வைத்தே அறிந்தவர்கள், பறியோடு இறங்கும் அந்தப் பெண்கள். கூலியை முதலில் அவர்களுக்குக் கொடுக்கலாம்.