மாதிரி யந்திரமும் வீட்டுப் பட்டறையும்

ஜவ்வாது மலையில் காவலூரிலே 1968-ஆம் ஆண்டில் முதன்முதலாக விண்மீன்களை நோக்கித் திருப்பப்பட்ட தொலைநோக்கி, அயல்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து விலைக்கு வாங்கி வரவழைக்கப்பட்டதன்று. கொடைக்கானல் வானாய்வு நிலையத்தார் தங்கள் கொல்லைப்புறத்திலேயே உருவாக்கிய, 38 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கருவி அது. அதற்குப் பின்னரே 1972-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1986-ல் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டு, வானியல் அறிஞர் வேணு பாப்புவின் பெயரும் சூட்டப்பட்டது. அதே மலைத்தொடரைச் சேர்ந்த நெல்லிவாசல்நாட்டிலே, சாமையும் புளியும் தேனும் தவிர வேறு ஜீவனோபாயம் உண்டா என்று தேடும் இளைஞர் ஒருவர், நுட்பமான உலோக வேலைக்குப் பெரிய ஆலை இன்றியமையாததன்று என்பதற்கு வேறெங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை.

அத்தகைய வேலைகளுள் நம்மவர் அதிகம் அறியாதது, மாதிரி யந்திரங்களுக்கு உறுப்புகள் செய்துகொடுக்கும் தொழில். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொம்மையை இங்கே மாதிரி என்று சொல்லவில்லை. உண்மையாகவே நெருப்பு மூட்டி, நீராவி எழுப்பி, பிஸ்டன் முன்னும் பின்னும் ஓட, சக்கரம் சுழலும்படி, பெரிய யந்திரத்தைச் சிற்றளவில் அமைத்துப் பார்க்கும் வித்தை அது. இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898-ல் இதற்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே லண்டனில் இக்கலையின் அபிமானிகளுக்கு ஒரு சங்கமும் தோன்றிற்று. பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலையில் வீட்டுப் பட்டறையில் லேத்தின் முன் நிற்பவர்களே அன்று முதல் இன்று வரை இவ்வுலகத்தின் பிரஜைகள்.

அவர்களை நம்பிப் பிழைக்கலாம் என்று காட்டியவர்களுள் முக்கியமானவர் ஸ்டூவர்ட் டர்னர். ஹென்லி நகருக்கு அருகே ஷிப்லேக் மாளிகையின் மின்னாக்க யந்திரங்களைக் கவனித்துவந்த அவர், ஓய்வு நேரத்தில் சிறிய நீராவி யந்திரம் ஒன்றை வடிவமைத்தார்; அதைப் பற்றிய செய்தி மார்ஷலின் பத்திரிகையில் வெளிவரவே, அதன் வார்ப்புகளைத் தங்களுக்கும் அனுப்பும்படி வாசகர்கள் கேட்டெழுதத் தொடங்கினார்கள். அந்தக் கடிதங்களே அவருடைய வியாபாரத்துக்கு வித்து. 1906-ல் அது ஒரு கம்பெனியாயிற்று. முக்கால் அங்குல விட்டமுள்ள சிலிண்டரைக் கொண்ட அவருடைய பத்தாம் எண் யந்திரம் இன்றும் விற்பனையாகிறது. கடைசல் அனைத்தையும் தாமே செய்துகொள்ள விரும்புவோருக்கு வெறும் வார்ப்பாகவும், பொருத்த மட்டும் விரும்புவோருக்குக் கடைந்து முடித்த உறுப்புகளாகவும், பொறுமையில்லாதவருக்கு முழு யந்திரமாகவும், மூன்று வகையில் அது கிடைப்பது, இத்தொழிலில் இறங்குவோர் ஊன்றிக் கவனிக்கத்தக்க உபாயம். ஒரே பொருளுக்கு மூன்று தரத்து வாடிக்கைக்காரர் கிடைக்கிறார்கள் அல்லவா?

பெரிய தொழிற்சாலைகள் இந்தச் சந்தைக்குள் நுழையாமல் இருப்பதற்குக் காரணம் வெளிப்படை. ஓர் உறுப்பு வருஷத்தில் ஐம்பதோ நூறோ விற்கும். அதற்காக ஆலையின் யந்திரங்களை மாற்றியமைப்பது கட்டுப்படியாகாது. ஆனால் ஆர்வலருக்கோ அந்த ஒன்று இல்லாவிட்டால் மாதக்கணக்கான பிரயாசை முடங்கிவிடும். மாதிரிக்குப் பொருத்தமான மரையாணியைக்கூடக் கடைத்தெருவில் வாங்க இயலாது. இங்கிலாந்தில் வழங்கும் பி.ஏ. வரிசை மரைகளில், சுழியெண் ஆணிக்கு விட்டம் 6 மில்லிமீட்டர், மரையிடைவெளி 1 மில்லிமீட்டர். ஒவ்வோர் எண் ஏறும்போதும் இடைவெளி முந்தியதில் பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்து, பத்தாம் எண்ணில் விட்டம் 1.7 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இத்தகைய நுண்ணிய ஆணிகள், வால்வுகள், எண்ணெய்க் கிண்ணங்கள், பற்சக்கரங்கள் முதலியவற்றை நாணயமாகச் செய்து தருபவருக்கு வாடிக்கைக்காரர் தாமாகவே தேடி வருவார்.

இதற்கு வேண்டிய உபகரணங்கள் அதிகமல்ல. ஒற்றை முனை மின்சாரத்தில் ஓடும் சிறிய லேத், துளையிடும் யந்திரம், மைக்ரோமீட்டர், வெர்னியர், மரை வெட்டும் டேப்பும் டையும், பித்தளைக் கம்பிகள் ஆகியவற்றோடு ஆரம்பித்துவிடலாம். வார்ப்புகளைக் கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகளில் செய்வித்துக்கொள்ளலாம். கடைசல் வேலையிலும் ஃபிட்டர் வேலையிலும் பயிற்சி பெற்று, நகரத்துப் பட்டறைகளில் கூலிக்குக் கடைந்துகொண்டிருக்கும் மலைக்கிராமத்து இளைஞர்களுக்கு இந்த வேலை கைவந்ததே. புதிதாகப் பழக வேண்டியது ஒன்றுதான்: முதல் உறுப்பும் ஐம்பதாவது உறுப்பும் ஒரே அளவாக அமையும்படி, ஒவ்வொன்றுக்கும் ஜிக் என்னும் அளவுப் பிடிப்பானைச் செய்து வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு. நூறு மைல் தூரத்திலோ கடலுக்கு அப்பாலோ இருப்பவர், தாம் பாராத கையை நம்பிப் பணம் அனுப்புகிறார். உறுப்பு வந்து பொருந்தாவிடில் அந்த நம்பிக்கை மீளாது. ஆகவே இத்தொழிலின் மூலதனம் லேத்தன்று, அளவே.

மலைமேல் வாழ்வது இதற்குப் பெரிய தடையாகாது. ஒரு சிறு பெட்டியில் அடங்கும் பொருளுக்குத் தபால் நிலையமே துறைமுகம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். ஆயினும் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பவருக்கு, விற்றுமுதல் சிறிதாயினும், பொதுவாகச் சரக்கு-சேவை வரிப் பதிவு அவசியமாகிவிடுவதால், முதல் பார்சலைக் கட்டுமுன்பே கணக்கரைக் கலந்துகொள்வது விவேகம். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில், முடித்துத்தரும் தேதியைச் சற்றுத் தாராளமாகச் சொல்வதும் விவேகமே.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கொதிகலன் செய்வதில் புதியவர் கைவைக்கலாகாது. வேலையழுத்தத்தைப் போல் இருமடங்கு நீரழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே அதில் நீராவி எழுப்ப வேண்டும் என்பது இக்கலையின் நெடுநாளைய விதி. தவறினால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. மற்றொன்று விலை. பித்தளையின் எடையைப் பார்த்து விலை சொல்பவர் சீக்கிரத்தில் கடையைக் கட்டிவிடுவார். ஜிக் செய்த நேரம், பழுதான உறுப்புகள், கடிதத்துக்குப் பதில் எழுதிய பொழுது ஆகிய அனைத்தும் விலையில் சேர வேண்டும்.

இது ஒருவரைத் தனவந்தராக்கும் தொழிலன்று. வேறொரு வருமானத்தோடு சேர்ந்து ஒரு குடும்பத்தைக் கௌரவமாக நடத்திவைக்கும் தொழில். லேத் வேலை கற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், அவனை உடனே ரயிலேற்றி அனுப்பிவிடாமல், ஓர் உறுப்பைப் பத்துத் தடவை ஒரே அளவில் கடையச் சொல்லிப் பாருங்கள். பத்தும் ஒத்து வந்தால், ஊரிலேயே ஒரு பட்டறைக்கு இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.