உங்களுக்குத் தெரியுமா? கதைமாந்தர் பெயரும் காலத்தைச் சொல்லும்!

சரித்திரக் கதை எழுதுவோருக்கு அந்தந்தக் காலத்துப் பெயர்கள் கல்லிலும் ஓட்டிலும் காத்திருக்கின்றன.

■ சங்க காலம்: கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. ஊரும் தொழிலும் பெயரோடு சேர்ந்து வருவதும் உண்டு: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். 'அறுவை' என்றால் துணி.

■ சோழர் காலம்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரை வீடுவாரியாகப் பட்டியலிடுகிறது. நக்கன் எடுத்தபாதம், நக்கன் சோழகுலசுந்தரி என்பன அப்பெயர்களுள் சில. பெரிய வரலாற்று நூல்களில் இடம்பெறாத பெண்களின் பெயர்கள் இவை, கதாசிரியருக்குப் பொக்கிஷம்.

■ பட்டம்: ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன், 'மும்முடிசோழ பிரம்மராயன்' எனப்பட்டார். முதலில் வருவது தந்தை பெயர். பட்டத்தில் மன்னரின் விருதுப்பெயர் இருப்பதால், அதை வேறு ஆட்சிக்கு மாற்றினால் கதை இடறும்.

■ கல்கியின் வழி: 'பொன்னியின் செல்வ'னின் வந்தியத்தேவன் கல்வெட்டில் இருப்பவர்; நந்தினி கற்பனை. இருவரும் ஒரே உலகத்தில் இயல்பாக உலவுகிறார்கள்.

■ 20-ஆம் நூற்றாண்டு: தனித்தமிழ் இயக்கம் பெயர்களை மாற்றியது. வேதாசலம் மறைமலை அடிகளானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார். அந்த இயக்கம் தொடங்கும் முன்பே, 1900-இல் பிறந்த கிராமத்துப் பாத்திரத்துக்கு 'தமிழ்ச்செல்வன்' என்று பெயரிடும் முன் யோசியுங்கள்.

எழுதத் தொடங்கும் முன், கதை நடக்கும் வட்டாரத்தின் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டுங்கள். பொருத்தமான பெயர் கிடைத்தால் பாத்திரத்தின் குலம், ஊர், தொழில் போன்றவையும் கூடவே கிடைக்கலாம்.