பழைய தமிழ்ப் பாட்டுக்குத் தனி அலைவரிசை எங்கே?

மலாய்ப் பழம்பாடல்களுக்கு ரேடியோ கிளாசிக்கும் சினாரும் உண்டு. ஆங்கிலத்துக்கு லைட், சீனத்துக்கு மெலடி. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பழம்பாடல்களுக்கென்று பண்பலையில் ஒன்றும் இல்லை. டி.எம்.சௌந்தரராஜனும் சுசீலாவும் வேண்டுமென்றால், அரசு வானொலி மின்னலிலோ தனியார் வானொலி ராகாவிலோ அவர்களுக்கு ஒதுக்கிய நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

பழம்பாட்டை ஒலிக்கவிடும் பொறுப்பை இத்தனை காலமும் சுமந்து வந்தது மின்னல்தான். 1946 ஏப்ரல் 1-இல் சிங்கப்பூரில் அதன் முன்னோடியான ரேடியோ மலாயா தொடங்கியபோதே மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் இருந்தது. அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை அரசு வைத்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான தன் செய்தி மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் கணக்கு. பால்மரம் வெட்டிக் களைத்து வந்தவர்கள் பாட்டுக்காகத்தான் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

1959-இல் நிலையம் கோலாலம்பூருக்கு வந்தது. பிறகு அங்காசாபுரிக்குக் குடிபெயர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டர் ஏறினால், அப்துல்லா ஹுக்கும் நிறுத்தத்தைத் தாண்டியதும் வருமே, அதே அங்காசாபுரிதான். எழுத்தாளர் ரெ.கார்த்திகேசு பேராசிரியராவதற்கு முன் பணியாற்றியது இந்த வானொலியில்தான். 'ரேடியோ 6' என்று வீட்டுக்கு வீடு அறிந்திருந்த பெயர், 2005-இல் மின்னல் எப்எம் ஆனது.

போட்டிக்கு வந்த ராகாவின் கதை வேறு. 1994-இல் தொடங்கிய டைம் ஹைவே ரேடியோ ஆஸ்ட்ரோ கைக்குப் போன பிறகு, மேற்குக் கரையில் தமிழ் பேசும் ராகா, கிழக்குக் கரையில் மலாய் பேசும் கெகார் என்று இரண்டாகப் பிரிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ராகா 99.3-இல் ஒலிக்கிறது. விளம்பரத்தில் வாழும் நிலையம் இளையவர்களைத் தேடிப் போவதில் வியப்பில்லை, குறை சொல்லவும் முடியாது.

மின்னலின் சிக்கல் வேறு விதம். செய்தி, பக்தி, நாடகம், புதுப்பாட்டு, பழம்பாட்டு எல்லாவற்றுக்கும் இருபத்து நான்கு மணி நேரம்தான். மலாய்க்கு நாசியோனலும் கிளாசிக்கும் பிரித்துச் செய்கிற வேலையைத் தமிழுக்கு ஒரே நிலையம் இழுக்கிறது.

தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டு பற்றி எனக்குக் கவலை இல்லை. அது கைப்பேசியிலேயே கொட்டிக்கிடக்கிறது. உள்ளூர்ப் பாடகர்கள் இங்கேயே பாடியவையும், நம் எழுத்தாளர்களின் வானொலி நாடகங்களும் அப்படிக் கிடைப்பதில்லை. வானொலிதான் அவற்றுக்கு வீடு. புது அலைவரிசை கேட்டால் செலவு, உரிமம் என்று நீளும். மின்னலை நடத்தும் ஆர்டிஎம்மின் கிளிக் செயலியில் அவற்றுக்கென்று ஓர் இணைய ஒலிபரப்பைத் திறக்கலாமே! அங்காசாபுரி இதை யோசிக்கட்டும். நேயர்களும் கேட்டு எழுதுங்கள்.