குதிரையின் கட்டியும் மரவள்ளி மாவும்

மன்னார்குடி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “என் அம்மாவுக்கு 72 வயது. போன வருடம் ஃப்ளூ தடுப்பூசி போட்டோம். அப்படியும் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டார். பிறகு எதற்கு அந்த ஊசி?”

ஃப்ளூ வைரஸ் தன் மேற்பரப்பை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் ஆண்டுதோறும் புது ஊசி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் அம்மா விஷயத்தில் வயதும் சேர்ந்துகொள்கிறது. ஊசி ஒன்றேதான், ஆனால் இருபது வயதில் அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு எழுபதில் வருவதில்லை. அதற்காக ஊசி வீண் என்றாகாது. காய்ச்சல் வந்தாலும் நிமோனியா வரை போகும் வாய்ப்பை அது குறைக்கிறது.

மந்தமான எதிர்ப்புசக்தியை உசுப்பிவிட முடியுமா? முடியும் என்று முதலில் காட்டியவை குதிரைகள். காஸ்தோன் ரமோன் பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர். அந்தக் காலத்தில் டிப்தீரியாவுக்கான எதிர்மருந்தைக் குதிரை ரத்தத்திலிருந்துதான் எடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்த குதிரைகளின் ரத்தத்தில் எதிர்மருந்து கூடுதலாக இருப்பதை ரமோன் கவனித்தார். அப்படியானால் கட்டியை நாமே உண்டாக்கினால் என்ன? ஊசி மருந்தோடு ரொட்டித்தூளைக் கலந்தார். மரவள்ளி மாவைக்கூடக் கலந்தார். ஆம், நம் சேலத்துக்காரர்கள் ஜவ்வரிசி செய்கிற அதே மாவு! எதிர்மருந்து பெருகியது. 1925இல் இதை வெளியிட்டார். நோய்க்கும் மரவள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ‘இங்கே ஏதோ கோளாறு’ என்று உடம்பை எழுப்பியதுதான் அதன் வேலை. மறு ஆண்டே இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி படிகாரத்தை வைத்து அதைச் சாதித்தார். அலுமினிய உப்புகள் இன்றும் குழந்தைகளின் பல தடுப்பூசிகளில் இருக்கின்றன. இப்படிப்பட்ட பொருள்களுக்குத் துணையூக்கி என்று பெயர்.

ஃப்ளூவுக்கு அலுமினிய உப்பு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது எண்ணெய். ஸ்குவாலீன் என்ற எண்ணெயைத் தண்ணீரில் மிக நுண்ணிய துளிகளாகக் கலக்கிய எம்எஃப்59 என்னும் துணையூக்கி சேர்ந்த ஃப்ளூ ஊசி, 1997இல் இத்தாலியில் முதியோருக்காக வந்தது. ஒரு துளியின் அளவு சுமார் 160 நானோமீட்டர். ஃப்ளூ வைரஸ் சுமார் 100. இந்தத் துளிகள் ஊசி இறங்கிய தசைக்குக் காவல் செல்களை வரவழைக்கின்றன. அவை மருந்தை விழுங்கி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அமெரிக்காவும் 2015இல் 65 வயது நிரம்பியவர்களுக்கு இதை அனுமதித்தது.

ஸ்குவாலீன் நம் தோலின் எண்ணெய்ப்பசையிலும் இருக்கிறது. ஆனால் வணிகத்துக்கு வெகுகாலமாக அதை ஆழ்கடல் சுறாவின் ஈரலிலிருந்தே எடுக்கிறார்கள். மெதுவாக வளர்ந்து, சில குட்டிகளே ஈனும் பிராணி அது. ஊசிக்குத் தேவைப்படுவது சொற்பம். பெரும்பங்கு முகப்பூச்சுக்குப் போகிறது. கரும்புச் சர்க்கரையை நொதிக்க வைத்தும் ஸ்குவாலீன் தயாரிக்கலாம் என்று ஆன பிறகு, முகத்தில் பூச ஒரு சுறாவைக் கொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

துணையூக்கி சேர்ப்பதோடு நிற்காமல், ஆய்வாளர்கள் இப்போது மருந்தையே நுண்துகளாகக் கட்டுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு நாய் குரைத்தால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை; எல்லா நாய்களும் ஒரே பக்கம் பார்த்துக் குரைத்தால் வீட்டுக்கு வீடு விளக்கு எரியும். எதிர்ப்பு செல்களும் அப்படித்தான். வைரஸ் புரதம் உதிரியாக மிதந்து வந்தால் அவ்வளவாகச் சட்டை செய்யாதவை, அதுவே வரிசையாகப் பதிந்து வந்தால் விழித்துக்கொள்கின்றன. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் 24 துண்டுகள் தாமாகவே கூடி ஓர் உருண்டையாகும். அதன்மேல் ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தின் முட்கள் எட்டை நிறுத்தி, அது விலங்குகளில் வலுவான எதிர்ப்பை எழுப்புவதை அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். மனிதரிடமும் ஆரம்பக்கட்டச் சோதனை நடந்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும், நம் வீடுகளில் தடுப்பூசி என்றால் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்ற நினைப்பு போகவில்லை. பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கிறோம். வைரஸை அது ஒன்றும் செய்யாது. அம்மாவுக்கு இந்த ஆண்டும் ஊசி போடுங்கள். எந்த வகை கிடைக்கிறது, எது அவருக்கு ஏற்றது என்று மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்பு உருவாக இரண்டு வாரமாவது ஆகும். ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.