மொபைல் ஸ்டார்ட்டரின் ரேடியோ: வாங்கிப் பொருத்துவதா, வரைந்து செய்வதா?

கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்து இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மூன்று பேஸும் வந்திருக்கிறதா, வோல்ட்டேஜ் போதுமா, போரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக் காண்டாக்டரை இழுப்பதும் விடுவதும் ஒன்று. கைபேசிக் கோபுரத்தோடு பேசுவது மற்றொன்று. முதல் வேலை கோயம்புத்தூருக்குக் கைவந்த கலை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார்களில் ஒன்றைச் செய்து காட்டிய ஊர் இது. தண்ணீரில்லாமல் ஓடினால் பம்ப் என்ன ஆகும், ஒரு பேஸ் போனால் காயில் எப்படி எரியும் என்பது இங்கே ரீவைண்டிங் கடையில் வேலை பழகும் பையனுக்கும் தெரியும். இரண்டாவது வேலை ரேடியோ. அதைச் சான்று பெற்ற ஆயத்த மாட்யூலாக வாங்குவதா, சிப்பை மட்டும் வாங்கிச் சொந்த சர்க்யூட் போர்டில் வடிவமைப்பதா என்பதை முடிவு செய்யாமல் போர்டு வரையத் தொடங்க முடியாது.

மாட்யூல் என்பது ரேடியோவுக்கு வேண்டியதெல்லாம் அடங்கிய சிறு போர்டு. வைஃபை, புளூடூத்துக்கு இங்கே பரவலாகப் புழங்கும் ஈஎஸ்பி32-ரூம்-32 மாட்யூலின் அளவு 18 மி.மீ.க்கு 25.5 மி.மீ. அதன் தகர மூடிக்குள் சிப், 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், நினைவகம், பொருத்தப் பாகங்கள் எல்லாம் இருக்கின்றன. ஓரத்தில் வளைந்து வளைந்து செல்லும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. வாங்குபவர் மின்சாரம் கொடுத்து, நிரலை ஏற்றினால் போதும்.

அதே சிப்பைச் சொந்த போர்டில் வைத்தால் பாகங்களின் விலை குறையும், வேலை கூடும். சிப்பிலிருந்து ஆன்டெனா வரை செல்லும் செம்புத் தடம் 50 ஓம் இம்பீடன்ஸ் கொண்டதாக இருக்க வேண்டும். வழக்கமான 1.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு அடுக்கு போர்டில் அதற்குத் தடம் சுமார் 3 மி.மீ. அகலம் வேண்டும். சிப்பின் கால் அகலமோ அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் நான்கு அடுக்கு போர்டுக்குப் போக நேரும். ஆன்டெனாவைச் சரியாக இசைக்க நெட்வொர்க் அனலைசர் வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும். போர்டு செய்யும் கடை மூலப்பலகையை மாற்றினால் இசைவும் மாறிவிடும்.

சான்றிதழ் விஷயத்தில்தான் இரண்டு வழிகளும் வெகுவாகப் பிரிகின்றன. அமெரிக்காவின் எஃப்சிசி, தனித்துச் சோதிக்கப்பட்ட மாட்யூலுக்கென்று ஒரு அனுமதி முறையே வைத்திருக்கிறது. அந்த மாட்யூலை நிபந்தனைகளை மீறாமல் பொருத்தினால், இன்ன எண்ணுள்ள மாட்யூல் உள்ளே இருக்கிறது என்று பெட்டியின் மேல் எழுதி, ரேடியோ அனுமதியை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். ஐரோப்பாவில் முழுப் பொருளுக்கும் தயாரிப்பாளரே பொறுப்பேற்றாக வேண்டும். ஆனாலும் மாட்யூலின் சோதனை அறிக்கைகள் பெரும்பகுதிச் சுமையைக் குறைக்கும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005 முதல் உரிமம் இன்றிப் பயன்படுத்தக் கூடியது. 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் அப்படியே. 2021-ல் அதன் மேல் எல்லை 868-க்கு உயர்ந்தது. உரிமம் வேண்டாம் என்பதால் அனுமதியே வேண்டாம் என்று ஆகாது. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் கருவி வகை ஒப்புதல் தேவை.

கைபேசி வலைப்பின்னலுக்கு வந்தால் சுமை இன்னும் பெரிது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணின் முதல் 8 இலக்கங்கள் கருவி மாதிரியைக் குறிப்பவை. ஜிஎஸ்எம்ஏ அமைப்பின் வழியாகத்தான் அவை ஒதுக்கப்படுகின்றன. மாட்யூல் வாங்கும்போது அந்த எண் உள்ளேயே வந்துவிடும். சிப்பிலிருந்து தொடங்கும் கம்பெனி அதைத் தானே வாங்கி, வலைப்பின்னல் சோதனைகளையும் தானே முடிக்க வேண்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம் ஸ்டார்ட்டர் விற்கும் சிறு கம்பெனிக்கு இது கட்டுப்படியாகாத வேலை.

ஆனால் மாட்யூலின் சான்று மாட்யூலோடு நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டர் பெட்டி இரும்புத் தகடு. அதற்குள் பூட்டப்பட்ட ஆன்டெனா அநேகமாகச் செவிடாகிவிடும். எனவே கேபிள் வழியாக ஆன்டெனாவை வெளியே கொண்டுவர வேண்டும். சான்று பெறும்போது சோதித்த வகையிலேயே, அதற்கு மேற்படாத கெயினோடு அது இருந்தால்தான் அனுமதி செல்லும். காண்டாக்டர் விடும்போது எழும் தீப்பொறி இரைச்சலைத் தாங்குவதும் தயாரிப்பாளரின் பாடு.

மின்சாரம் கொடுப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 2ஜி மாட்யூல் தொடர்ச்சியாகச் சிக்னல் அனுப்புவதில்லை. 4.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அரை மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகமான நேரம் மட்டும் வெடிப்பாக அனுப்புகிறது. அந்த நொடிப்பொழுதில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இழுக்கும்போது வோல்ட்டேஜ் இறங்கி, பல மாட்யூல்களுக்குக் கீழ் எல்லையான 3.4 வோல்ட்டைத் தாண்டிச் சரிந்தால் மாட்யூல் அணைந்துவிடும். கோபுரம் பக்கத்தில் இருந்தால் அது குறைந்த சக்தியிலேயே பேசும் என்பதால் கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் உள்ள பட்டறையில் இந்தக் குறை தெரியாது. அதே போர்டு காங்கேயம் பக்கம் சிக்னல் மங்கலான ஒரு தோட்டத்துக்குப் போனதும், முழுச் சக்தியில் அனுப்ப வேண்டியதாகி, அழைப்பு வரும்போதெல்லாம் ரீசெட் ஆகும். விவசாயி சிம்மைக் குறை சொல்வார். கடைக்காரர் மாட்யூலைக் குறை சொல்வார். குறை பெரும்பாலும் மெலிந்த செம்புத் தடத்திலும், மாட்யூலை விட்டுத் தள்ளி வைத்த கெப்பாசிட்டரிலும் இருக்கும். மாட்யூல் எத்தனை சான்று பெற்றிருந்தாலும் இந்த இடத்தில் உதவாது.

செலவுக் கணக்கு எளிது. சொந்த வடிவமைப்பில் ஒரு போர்டுக்கு 120 ரூபாய் மிச்சம் என்றும், வடிவமைப்பு, சோதனை, சான்று எல்லாவற்றுக்கும் 18 லட்சம் என்றும் வைத்துக்கொண்டால், 15,000 போர்டு விற்ற பிறகுதான் முதல் ரூபாய் லாபம். அதற்குள் சிப் மாறாமல் இருக்க வேண்டும். வார்ப்பு, ஸ்டாம்பிங், வைண்டிங் என்று எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்து பழகிய ஊர் இது. அந்தப் பெருமிதம் நியாயமானதே. ஆனாலும் இங்குள்ள பம்ப் கம்பெனிகள் பேரிங்கை வெளியில்தான் வாங்குகின்றன. ரேடியோவையும் அந்த வரிசையில் வைப்பது தாழ்வல்ல. எண்ணிக்கை பெரிதாகும்போதும், மாட்யூல் நுழைய முடியாத இடத்தில் ரேடியோ வைக்க வேண்டியிருக்கும்போதும் சொந்த வடிவமைப்பு தன் செலவை ஈட்டித்தரும்.

மாட்யூல் வழியிலும் ஓர் ஆபத்து உண்டு: அதுவோ, அது பேசும் வலைப்பின்னலோ சந்தையை விட்டே போகலாம். 2016-ல் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு கொடுத்த சமயத்தில், தமிழ்நாட்டில் அதன் சிம்மை நம்பியிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். 4ஜி-க்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. 4ஜி மாட்யூல்களில் டேட்டாவுக்கு மட்டுமானவை நிறைய இருக்கின்றன; அவை அழைப்பை எடுக்காது. மிஸ்டு கால் கொடுத்தும், குரலைக் கேட்டு எண்ணை அழுத்தியும் மோட்டாரை இயக்கிப் பழகிய விவசாயிக்கு 4ஜி-யிலேயே குரல் அழைப்பை எடுக்கும் வோல்ட்டீ வசதியுள்ள மாட்யூல்தான் வேண்டும். ரிலேயும் மின்வழங்கலும் உள்ள போர்டைத் தனியாகவும், மாட்யூலைக் கழற்றி மாட்டும் சிறு கார்டிலும் வைத்தால், வலைப்பின்னல் மாறும்போது கார்டை மட்டும் மாற்றலாம். சுவரில் திருகிய பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை.