கொதிக்கும் பெட்டி

விருத்தகிரீஸ்வரர் கோயில் மாசி மகம் வந்துவிட்டால் விருத்தாசலத்தில் மைக் செட்டுக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வெயில், பந்தல் தூசி, இடைவிடாத பாட்டு எல்லாவற்றையும் ஆம்ப்ளிஃபயர்தான் தாங்க வேண்டும். அது அன்றும் சூடானது, இன்றும் சூடாகிறது. பழுது பார்க்கும் விதம்தான் மாறிவிட்டது, அதில் எனக்குக் கவலை உண்டு.

வால்வு செட்டில் சூட்டுக்குப் பயமில்லை. இழை சிவந்தால்தான் பாட்டே வரும். உள்ளே இருக்கும் தகடு கனன்று சிவந்தால் மட்டும் சட்டென்று அணைப்பார்கள். கிரிட்டுக்கு வரவேண்டிய எதிர் வோல்டேஜ் போயிருக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு கப்ளிங் கண்டன்சர் கசிந்திருக்கும்.

அடுத்து வந்தது 2என்3055. உலோகத் தொப்பி போட்ட இந்த டிரான்சிஸ்டர் 115 வாட் தாங்கும் என்று ஏட்டில் இருக்கும். அந்தக் கணக்கு உறை 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே. உறை 100 டிகிரியைத் தொட்டால் ஏறக்குறைய 65 வாட்டுக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற அதில் பாயும் கரண்டும் ஏறும், கரண்டு ஏறினால் சூடு இன்னும் ஏறும். இதைத் தடுக்கத்தான் பயஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கோடு ஒட்டி வைக்கிறார்கள். அது கழன்று தொங்கினால் ஔட்புட் ஜோடி அன்றைக்கே போய்விடும்.

அந்தத் தொப்பியே கலெக்டர் என்பதால் அதற்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மைக்கா வேண்டும். துளையின் ஓரத்தில் ஒரு பிசிறு, ஒரு மணல் துகள் இருந்தால்கூட மைக்கா கிழியும். திருகை இறுக்கியதும் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். 'பீப்' சத்தம் வரக்கூடாது. மின்சாரத்தைத் தடுத்துச் சூட்டை மட்டும் கடத்துகிற அலுமினாப் பீங்கான் தகடும் இந்த வேலையைச் செய்யும். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழுது பார்த்த பெட்டியை நேராகக் கரண்டில் போடமாட்டார்கள். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் மாட்டி சுவிட்ச் போடுவார்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். ஒரு பல்பு செலவில் புது டிரான்சிஸ்டர்கள் பிழைக்கும்.

இன்று பெட்டிக்குள் சி5200, ஏ1943 ஜோடிகள் வரிசையாக நிற்கின்றன, அல்லது கிளாஸ் டி போர்டு இருக்கிறது. கிளாஸ் டி வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ஸ்பீக்கருக்கே அனுப்புவதால் சூடு குறைவு. அது மனதார வரவேற்க வேண்டிய முன்னேற்றம். ஆனால் பொடிப்பொடியாகப் பதிந்த பாகங்களுக்கு ஸ்பேர் கிடைப்பது கஷ்டம், சர்க்யூட் படமும் கைக்கு வருவதில்லை. ஆகவே போர்டையே மாற்றுகிறார்கள். பழைய மாடலுக்கு டிரான்சிஸ்டர் வாங்கினாலும் டூப்ளிகேட் கலந்து வருகிறது. மேலே அதே எண், உள்ளே இருக்கும் சில்லு சிறியது.

போர்டு புதிதானாலும் அதை எரித்த காரணம் பல நேரம் வெளியேதான் இருக்கிறது. ஃபேன் இறக்கையில் தூசி அப்பியிருக்கும், காற்று போகும் சந்தை யாரோ துணியால் மூடியிருப்பார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது கணக்கில்லாமல் ஸ்பீக்கர் பெட்டிகளைச் சேர்ப்பது. 8 ஓம் பெட்டி இரண்டைப் பேரலலில் போட்டால் 4 ஓம், நான்கைப் போட்டால் 2 ஓம். 4 ஓமுக்குச் செய்த ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு கரண்டைக் கொடுக்கத் திணறும். ஒயரைப் பிரித்து ஓம் பார்க்காமல் போர்டை மட்டும் மாற்றினால் அடுத்த திருவிழாவில் அதுவும் எரியும்.