கீழிருந்து கட்டும் இலக்கணம்: கம்பைலர்களின் வாக்கியப் பகுப்பு பற்றிய ஒரு குறிப்பு

நாம் எழுதும் கட்டளைகளை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், முதற்கண் அவற்றின் இலக்கண அமைப்பை அறிந்தாக வேண்டும். இதற்கு இரு வழிகள் உள. முதற்சொல்லைக் கண்டதும் 'இது இன்ன வகை வாக்கியம்' என ஊகித்து, அவ்வூகத்திலிருந்து சொற்களுக்கு இறங்கிவருதல் ஒன்று. சொற்களிலிருந்து சிற்றலகுகளையும், அவற்றிலிருந்து பேரலகுகளையும் கட்டியெழுப்பி, ஈற்றிலேயே முழுமைக்குப் பெயரிடுதல் மற்றையது. பின்னையதே எமது பொருள்.

ருவான்வெல்லைப் பகுதி இறப்பர்த் தோட்டமொன்றின் செக்றோலை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' விழும். பால்வெட்டும் தொழிலாளியின் மாதச் சம்பளம் 'படி + பேர் × கூலி' என்க. விளக்கத்தின் பொருட்டு இவற்றை முறையே 50, 20, 10 எனக் கொள்வோம். பகுப்பான் 'படி'யை வாசித்து ஓர் அடுக்கில் வைக்கிறது; அதனைத் 'தொகை' எனும் அலகாக ஒடுக்குகிறது. பின்னர் கூட்டற்குறியும் 'பேரு'ம் அடுக்கில் ஏறுகின்றன. இப்பொழுது அடுக்கிலுள்ளவை ஒரு கூட்டல் விதிக்கு முற்றாகப் பொருந்துகின்றன. உடனே ஒடுக்கிவிடலாம் போலத் தோன்றும். ஒடுக்கினால் விடை 700. (தொழிலாளி மகிழ்வார், துரை ஒப்பார்.) ஆனால் பகுப்பான் அடுத்த குறியை எட்டிப்பார்க்கிறது. அது பெருக்கற்குறியாதலின் ஒடுக்காது காத்திருந்து, 'பேர் × கூலி'யை முதலில் ஒடுக்கிய பின்னரே கூட்டலை முடிக்கிறது. விடை 250.

எப்பொழுது ஏற்றுவது, எப்பொழுது ஒடுக்குவது என்பதை ஓர் அட்டவணை தீர்மானிக்கிறது. அதனை இலக்கண விதிகளிலிருந்தே முன்கூட்டிக் கணிக்கும் வழியை டொனால்ட் நூத் 1965இல் காட்டினார். அவ்வட்டவணைகள் மிகப் பெரியனவாக இருந்தமையால், அவற்றைச் சுருக்கும் முறையை 1969இல் ஃபிராங்க் டெரீமர் வகுத்தார். 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் ஆக்கிய 'யாக்' அதனை நடைமுறைக் கருவியாக்கியது.

இங்கு ஒரு மயக்கம் களையப்படல் வேண்டும். 'கீழிருந்து' என்றதும் இதனைக் கோட்பாடற்ற அனுபவவாதமாகக் கொள்வாருளர். அது பொருந்தாது. முழு இலக்கணமும் அட்டவணையினுள் ஏலவே உறைந்துள்ளது. பகுப்பான் ஒத்திவைப்பது கோட்பாட்டையன்று, தீர்ப்பையே. பாடலின் முதலடியைக் கண்டதும் அதற்கு வகைப்பெயர் சூட்டிவிடும் எமது விமர்சகர் சிலருக்கு இவ்வேறுபாடு பயன்படலாம்.

தமிழ் வாக்கியத்துக்கு இக்காத்திருப்புப் புதிதன்று. 'பால் வெட்டிய தொழிலாளி சம்பளம் கேட்டார்' என்பதில் 'வெட்டிய' எனும் எச்சம் தன் பெயருக்காகவும், வாக்கியம் முழுவதும் தன் வினைமுற்றுக்காகவும் காத்து நிற்கின்றன. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' எனும் தமிழ்க் கணினிமொழியிலும் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாகவே வருகின்றன. எனினும் நிபந்தனையின் முன்னே '@' எனும் குறி இடப்படுகிறது. மேலிருந்து இறங்கும் பகுப்பானுக்கு இத்தகைய முன்னறிவிப்பு பெரிதும் உதவும். கீழிருந்து கட்டும் பகுப்பானோ 'ஆனால்' வரும்வரை பொறுத்திருக்க வல்லது.